கருவாட்டுக் கணக்குக்குள் ஓர் இணையக் கடை: ஓடிக்கொண்டிருந்த செயலியில் சாலிடஸை இணைத்த விவரம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்திலிருந்து ஏர்வாடி வரைக்கும் உள்ள கரையோர ஊர்கள் சிலவற்றில் கருவாடு காயவைக்கும் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு குழு. கருவாட்டோடு சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியும், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயும் வாங்கி விற்கிறார்கள். இவர்களிடம் ஏற்கெனவே ஒரு வலைச் செயலி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் ஓர் இணையக் கடையைக் கொண்டுவரும் வேலை என்னிடம் வந்தது, அதைச் சாலிடஸ் என்ற இணையக் கடை மென்பொருளை வைத்துச் செய்தோம். இதே மாதிரி வேலையில் இறங்கப் போகிற சிலர் விவரம் கேட்டதால் முழுசாக எழுதி வைக்கிறேன். குழுவின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

பழைய செயலி ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற வலைச் செயலிக் கட்டமைப்பில் எழுதியது, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். யார் எந்தத் தேதியில் எத்தனை கிலோ கொண்டுவந்தார், என்ன தரம், முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, கையில் எவ்வளவு கொடுத்தோம், இவ்வளவுதான் அதன் வேலை. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் தராசுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காமார் தினமும் தொடும் செயலி அது, அதில் ஒரு எண் தப்பினால் அடுத்த நாள் காலையில் வாசலில் பஞ்சாயத்து. அதனால் முதல் நிபந்தனையை அவர்களே சொல்லிவிட்டார்கள்: கடை வரட்டும், எடைப் பதிவேட்டில் கை வைக்கக் கூடாது.

சரி, எந்தக் கடை? வேர்ட்பிரஸ் மேல் ஓடும் வூகாமர்ஸைத் தனியாக நிறுவி இரண்டையும் இணைப்பது ஒரு வழி. மாதச் சந்தா கட்டி ஷாப்பிஃபை மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வது இன்னொரு வழி. சேலியர், மெடுசா போன்ற, பின்புறத்தை மட்டும் தந்து முகப்பை நாமே எழுதிக்கொள்ளும் வகையும் உண்டு. இவை எதுவும் மோசமில்லை, ஆள் பலம் உள்ள இடத்தில் நான் மூன்றாவதைத்தான் சொல்லியிருப்பேன். இங்கே பிரச்சினை வேறு. எந்த வழியில் போனாலும் இருப்புக் கணக்கு இரண்டு தரவுத்தளங்களில் உட்கார்ந்துவிடும், நடுவில் ஒத்திசைக்கும் நிரல் ஒன்று ஓடவேண்டும், அது நின்றுபோன இரவில் எந்தப் பக்கம் சொல்வது உண்மை என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. பராமரிக்க ஒரே ஆள்தான், அதுவும் பகுதி நேரம்.

ஆகவே, செயலிக்கு உள்ளேயே பொருந்தி உட்காரும் வகையைத் தேர்ந்தெடுத்தோம். ரெயில்ஸில் அதற்கு எஞ்சின் என்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒரு முழுச் செயலியை இன்னொரு செயலியின் ஒரு பாதையில் மாட்டலாம், ஒரே தரவுத்தளம், ஒரே சர்வர். ஸ்ப்ரீயும், 2015-ல் அதிலிருந்து கிளை பிரிந்த சாலிடஸும் இப்படிப்பட்டவை. நாங்கள் எடுத்தது சாலிடஸ். பிரிந்து இத்தனை வருஷம் ஆகியும் அதன் அட்டவணைகள் எல்லாம் இன்னமும் ஸ்ப்ரீ என்ற முன்னொட்டோடுதான் இருக்கின்றன, அது எங்களுக்கு வசதியாகவே போயிற்று: பழைய அட்டவணைப் பெயர்களோடு எங்கும் மோதவில்லை.

மாட்டுவது அரை நாள் வேலை. ஜெம் என்கிற நிரல் தொகுப்பைச் சேர்த்து, அட்டவணைகளை உருவாக்கும் மைக்ரேஷன்களை நகலெடுத்து ஓட்டி, பாதைகளைக் குறிக்கும் ரூட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதினால் கடை வந்துவிடும். காணொளிகளில் காட்டுவது அதைத்தான். அதற்கு அப்புறம்தான் வேலையே ஆரம்பிக்கிறது, ஏனென்றால் இந்த எஞ்சின் வெறும் நிரல் இல்லை. வாங்குபவர் என்றால் யார், இருப்பு என்றால் என்ன, விற்பனை எந்த நொடியில் முடிகிறது என்பதற்கெல்லாம் தனக்கென்று ஒரு கருத்தோடு வருகிறது. நம் செயலிக்கும் அதே கேள்விகளுக்கு வேறு பதில்கள் இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் எந்தப் பதிலை வைத்துக்கொள்வது என்று உட்கார்ந்து முடிவு பண்ணியதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

யார் உள்ளே வருகிறார்கள்

சாலிடஸிடம் உங்கள் பயனர் வகுப்பு எது என்று ஒரு அமைப்பில் சொல்லிவிட்டால் அது அதையே பயன்படுத்திக்கொள்ளும். பயனர் அட்டவணையில் விநியோக முகவரி, பில் முகவரி, ஏபிஐ சாவி என்று சில பத்திகளைச் சேர்க்கவேண்டும். ஆனால் ஒரே ஒரு வகுப்பைத்தான் ஏற்கும். கடையின் நிர்வாகப் பக்கத்தில் நுழைபவரும் சென்னையிலிருந்து நெத்திலி வாங்குபவரும் அதே வகுப்பைச் சேர்ந்தவர்களாகத்தான் இருக்கமுடியும்.

இதில்தான் பெரிய ஓட்டை தெரிந்தது. பழைய செயலியில் உள்நுழைந்தவர் என்றாலே குழுவின் ஆள் என்று அர்த்தம். வெளியாள் கணக்கு தொடங்க வழியே இல்லை, அதனால் பல பக்கங்களில் உள்நுழைந்திருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு உறுப்பினர்களின் முன்பணக் கணக்கைக் காட்டிவிடும். கடை திறந்த மறு நிமிடம் ஊரில் யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கலாம். அப்போது ஏர்வாடியில் யாருக்கு எவ்வளவு கடன் என்று கோயம்புத்தூரில் இருந்து பார்க்கலாம்! கடை வேலையைத் தொடுவதற்கு முன் பழைய செயலியில் பக்கங்களுக்கான கோரிக்கைகளைக் கையாளும் ஒவ்வொரு கன்ட்ரோலரையும் திறந்து, எதுவும் சொல்லாவிட்டால் அனுமதி இல்லை என்று தலைகீழாக மாற்றினோம், அப்புறம் யாருக்கு என்ன பொறுப்பு என்று பார்த்து ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டோம். உள்ளே மட்டும் ஓடிய எந்தச் செயலியை வெளியாருக்குத் திறந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்பேன். இணையக் கடை சம்பந்தப்பட்ட எந்த ஆவணத்திலும் இது இருக்காது, ஏனென்றால் இது கடையின் குறை இல்லை.

அடுத்தது ஈமெயில். எங்கள் செயலியில் அடையாளம் கைபேசி எண்தான், ஓடிபி வரும், போட்டால் உள்ளே. சாலிடஸோ ஈமெயில் இல்லாமல் முகவரிப் படியைத் தாண்ட விடாது. போலி ஈமெயில் ஒன்றை உருவாக்கி நிரப்பிவிடலாம் என்று பலர் செய்வதுண்டு. நான் வேண்டாம் என்றேன், பிறகு யாராவது அந்த முகவரிக்கு நிஜமாகவே ரசீது அனுப்பித் தொலைப்பார்கள். கட்டாயம் என்ற சரிபார்ப்பை எடுத்துவிட்டு, எண்ணைக் கட்டாயமாக்கி, எஞ்சின் அனுப்பும் ஈமெயில்களை நிறுத்திக் குறுஞ்செய்தியாக மாற்றினோம். இந்தியாவில் வணிகக் குறுஞ்செய்தி அனுப்ப, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் அனுப்புநர் பெயரையும் ஒவ்வொரு செய்தி வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். நிரல் தயாராகி இது தயாராகாமல் காத்திருக்க நேரும், முதல் வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். உள்நுழையாமலே கூடையில் பொருள் போட்டுவிட்டு, கடைசியில் ஓடிபி போட்டு நுழைபவர்தான் அதிகம். சாலிடஸின் சொந்த உள்நுழைவுத் தொகுப்பைப் பயன்படுத்தினால் அந்தக் கூடையைப் பயனரோடு சேர்க்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். நம்முடைய சொந்த உள்நுழைவு என்றால் அந்த வரியை நாம்தான் எழுதவேண்டும். இல்லாவிட்டால் நுழைந்ததும் கூடை காலியாகத் தெரியும், வாங்க வந்தவர் போய்விடுவார்.

பொட்டலம் போடும் மேசை

இருப்புதான் உயிர்நாடி. எடைப் பதிவேட்டில் இருப்பு கிலோவில், தசமத்தில் இருக்கிறது: இந்த லாட்டில், அதாவது ஒரு தொகுப்புச் சரக்கில், சூடைக் கருவாடு 42.6 கிலோ. சாலிடஸில் இருப்பு முழு எண், பொட்டலக் கணக்கு. கிலோவைப் பொட்டலமாக மாற்றி அவ்வப்போது கடைக்கு அனுப்பினால் என்ன என்று முதலில் யோசனை வந்தது. 42.6 கிலோ இருந்தால் கால் கிலோ பொட்டலம் 170 என்று காட்டிவிடலாமே? முடியாது. அந்த 42.6 கிலோவை நாளைக் காலையில் ஒரு வியாபாரி மொத்தமாக வந்து அள்ளிக்கொண்டு போவார். கழிவும் உண்டு, உடைந்தது, பூச்சி கண்டது, சரியாகக் காயாதது. உதிரிக் கருவாடு கடைக்குச் சொந்தமில்லை. பொட்டலம் போட்டு, லேபிள் ஒட்டி, அலமாரியில் ஏறியது மட்டும்தான் கடையினுடையது.

இதை முடிவு செய்ததும் மற்றதெல்லாம் தானாக இடத்துக்கு வந்தது. இரண்டு உலகங்களுக்கும் நடுவே ஒரே ஒரு வாசல்: பொட்டலம் போட்ட பதிவு. பழைய செயலியில் அதற்கு ஒரு புதுத் திரை. லாட்டைத் தேர்ந்தெடுத்து, எத்தனை கிலோ எடுத்தோம், எத்தனை பொட்டலம் வந்தது, எவ்வளவு கழிவு என்று மூன்று எண் போட்டால் போதும். அந்தப் பதிவு ஒரே பரிவர்த்தனைக்குள் இரண்டு வேலை செய்யும்: லாட்டில் கிலோவைக் குறைக்கும், கடைப் பக்கம் ஸ்டாக் மூவ்மென்ட் என்ற இருப்பு அசைவுப் பதிவு ஒன்றை எழுதும். ஒன்று தோற்றால் இரண்டும் நடக்காது. ஒரே தரவுத்தளத்தில் இருப்பதன் முழுப் பலன் இந்த இடத்தில்தான் கிடைத்தது. கையிருப்பு எண்ணை நேரடியாகத் திருத்துவதை நிர்வாகப் பக்கத்திலும் மூடிவிட்டோம்.

கொட்டகையில் சிக்னல் சரியாக வராது. அதனால் பழைய செயலி பதிவுகளைக் கைபேசியிலேயே வைத்திருந்து, சிக்னல் வந்ததும் அனுப்பும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். எடைப் பதிவில் இதற்குப் பாதுகாப்பு இருந்தது, பொட்டலப் பதிவிலும் அதே பாதுகாப்பு வேண்டும், இல்லாவிட்டால் 80 பொட்டலம் 160 ஆகிவிடும். சாலிடஸின் ஸ்டாக் மூவ்மென்ட்டில் இந்த அசைவு எதனால் வந்தது என்று குறிக்க ஒரிஜினேட்டர் என்ற இடம் இருக்கிறது. அதில் பொட்டலப் பதிவைக் குறித்து, ஒரு பதிவுக்கு ஓர் அசைவுதான் என்று தரவுத்தளத்திலேயே தனித்துவக் கட்டுப்பாடு போட்டோம். நிரலில் போட்டிருந்தால் ஒரே நொடியில் இரண்டு கோரிக்கை வரும்போது தப்பிவிடும்.

அந்த மேசை வரிக்கும் எல்லையாக அமைந்தது. உதிரியாக விற்கும் கருப்பட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை. 18-7-2022 முதல் முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டி விற்றால் 5 சதவீதம். அதாவது லேபிள் ஒட்டுகிற கணத்தில் பொருளின் வரிநிலையும் மாறுகிறது. எங்கள் கடையில் உதிரியே இல்லை என்பதால் எல்லாப் பொருளுக்கும் வரி உண்டு என்று ஒரே மாதிரி வைத்துக்கொள்ள முடிந்தது.

பொட்டலத்தின் மேல் போடும் எம்ஆர்பி எல்லா வரியும் அடங்கியது. சாலிடஸின் வரி விகிதத்தில் விலைக்குள் அடங்கியது என்ற தேர்வு இருக்கிறது, அதைப் போடவேண்டும். தமிழ்நாட்டுக்கு ஒரு மண்டலம், அதில் மத்திய வரி, மாநில வரி என்று 2.5 சதவீதம் இரண்டு முறை. மற்ற 27 மாநிலங்களும் 8 ஒன்றியப் பிரதேசங்களும் இன்னொரு மண்டலம், அதில் 5 சதவீதம் ஒரே முறை. எந்த மண்டலம் என்பதை விநியோக முகவரியைப் பார்த்து முடிவு செய்வதுதான் இயல்பான அமைப்பு, அதை மாற்றவில்லை. கீழக்கரையில் இது முக்கியம், வளைகுடாவில் இருப்பவர் பணம் கட்டுவார், பொட்டலம் கீழக்கரை வீட்டுக்குப் போகும்.

பைசா கணக்கு ஒன்று இருக்கிறது. 180 ரூபாய் கருப்பட்டியில் வரி போக அடிப்படை விலை 171.43. வெளிமாநிலம் என்றால் வரி 8.57, கூட்டினால் 180 சரியாக வரும். தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒவ்வொரு பாதியும் 4.285 சொச்சம், முழுதாக்கினால் 4.29, இரண்டும் சேர்ந்து 8.58. கூட்டினால் 180.01! ரசீதில் ஒரு பைசா உதைக்கும். வரி இரண்டையும் முதலில் முழுதாக்கிவிட்டு, விலையிலிருந்து கழித்து வருவதை அடிப்படை விலையாக எழுதுகிறோம், 171.42. வாங்குபவருக்கு இது கண்ணில் படாது, ஆடிட்டர் மட்டும் முதல் மாதமே கேட்பார்.

பணம் வந்தது, ஆர்டர் வரவில்லை

சாலிடஸில் ஒரு ஆர்டர் கூடை, முகவரி, விநியோகம், பணம், உறுதி என்று படிப்படியாக நகர்ந்து முடிவுக்கு வரும். இந்த அமைப்பு, அட்டை எண்ணை அதே பக்கத்தில் போட்டு அங்கேயே முடிப்பவர்களை நினைத்துச் செய்தது. எங்களிடம் வாங்குபவர்கள் யுபிஐ. கடைப் பக்கத்திலிருந்து பணச் செயலிக்குத் தாவுவார்கள், பின் எண் போடுவார்கள், பணம் போய்விடும், பிறகு திரும்பி வரவே மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்திருக்கும். உலாவி அந்தப் பக்கத்தை நினைவிலிருந்து தள்ளியிருக்கும். குழுவின் கணக்கில் பணம் இருக்கிறது, ஆர்டர் மட்டும் பணப் படியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

எனவே ஆர்டரை முடிக்கும் பொறுப்பை உலாவியிடமிருந்து எடுத்து, பணத்தை வாங்கித் தரும் சேவையான கேட்வே நேராக நம் சர்வருக்கு அனுப்பும் அறிவிப்பான வெப்ஹுக்கிடம் கொடுத்தோம். வாங்குபவர் திரும்பி வந்தால் சந்தோஷம், அப்போதும் முடிப்போம். ஆனால் திரும்பி வருவதை நம்பி எதுவும் இல்லை. இதில் கவனிக்கவேண்டியது, ஒரே வெப்ஹுக் இரண்டு மூன்று முறை வரலாம், உலாவியும் வெப்ஹுக்கும் ஒரே நொடியில் வந்து இரண்டுமே ஆர்டரை முடிக்கப் பார்க்கலாம். சாலிடஸிலேயே ஆர்டர் மியூட்டெக்ஸ் என்று ஒரு பூட்டு இருக்கிறது, இரண்டு பாதைகளையும் அதற்குள் அனுப்பினோம். முடிந்த ஆர்டர் என்று தெரிந்தால் கிடைத்தது என்று பொருள்படும் 200 என்ற பதிலை அமைதியாகச் சொல்லி வெளியேறிவிடும். வெப்ஹுக் நிஜமாகவே கேட்வேயிடமிருந்து வந்ததா என்று அதன் கையொப்பத்தைச் சரிபார்க்கும்போது, வந்த செய்தியை வந்தபடியே எடுத்துச் சரிபார்க்கவேண்டும். ஜேசான் என்ற தரவு வடிவமாகப் பிரித்துத் திரும்பக் கட்டினால் ஓர் இடைவெளி மாறினாலும் கையொப்பம் பொருந்தாது.

பணம் வந்து, அதற்குள் கடைசிப் பொட்டலத்தை வேறொருவர் எடுத்திருந்தால்? எஞ்சின் இருப்பைக் கூடையில் போடும்போது பிடித்து வைப்பதில்லை, ஆர்டர் முடியும்போதுதான் குறைக்கிறது. நேரக் கெடு போட்டு ஒதுக்கி வைக்கும் ஏற்பாட்டை எழுதலாம்தான், இந்த அளவு வியாபாரத்துக்கு அது வீண் சுமை என்று நினைத்தேன். கேட்வேயில் பணக் கோரிக்கை உருவாக்குவதற்கு முன் ஒரு முறை இருப்பைப் பார்க்கிறோம். அதையும் மீறி மோதினால் குழுவின் திரையில் சிவப்பில் வரும், அவர்கள் போன் போட்டு நாளைக்குப் பொட்டலம் போட்டு அனுப்பட்டுமா, பணம் திருப்பட்டுமா என்று கேட்பார்கள்.

தடைக்காலம்

இருப்பு இல்லாவிட்டாலும் ஆர்டர் வாங்கிக்கொள்ளும் வசதி சாலிடஸில் பொருள்வாரியாக இருக்கிறது. சாதாரண நாளில் கருவாட்டுக்கு அது சரியான தேர்வு, நாளைக்கோ மறுநாளோ வந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் எல்லாக் கருவாட்டுக்கும் இந்த வசதி தானாக அணைந்துவிடும்படி எழுதிக் காட்டினேன். தராசில் இருந்த அக்கா பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, தடை வெசப்படகுக்குத்தானே? நாட்டுப்படகு போகும்ல. நெத்திலி, சூடை, காரல் எல்லாம் வரும். அதை ஏன் நிப்பாட்டுறீங்க?”

அவர் சொன்னது சரி. தேதியை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், பொருளுக்கு ஒரு அடையாளம் வைத்தோம்: விசைப்படகு மீனா, கரைப்பக்க மீனா என்று. விசைப்படகு மீன் மட்டும் தடைக்காலத்தில் இருப்பு தீர்ந்ததும் நிற்கும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் நிலைமை தலைகீழ். மீன் இருக்கும், காயவைக்க வெயில் இருக்காது. அதற்குத் தேதியே போட முடியாது, குழுவே ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்திக்கொள்கிறது.

விநியோகத்தில் கருவாட்டையும் கருப்பட்டியையும் ஒரே பெட்டியில் வைக்க முடியாது, காரணம் சொல்லவேண்டியதில்லை. இரண்டையும் இரண்டு விநியோக வகைகளில் போட்டதும் எஞ்சின் தானாகவே ஆர்டரை இரண்டு பார்சலாகப் பிரித்துக்கொண்டது, அதற்காக ஒரு வரி எழுதவில்லை. ஆனால் இரண்டு பார்சலுக்கும் தனித்தனியாகக் கட்டணம் போட்டுவிட்டது. முதல் பார்சலுக்கு முழுக் கட்டணம், அடுத்ததற்கு எடைக்கு மட்டும் என்று கால்குலேட்டர் ஒன்று எழுதிக்கொண்டோம். ஒரு கூரியர்காரர் வாசனை வருகிறது என்று மூட்டையைத் திருப்பிய பிறகு கருவாடு காற்றை உறிஞ்சி மூடிய இரட்டைக் கவரில்தான் போகிறது.

தமிழ் சம்பந்தமாக இரண்டு இடறல். பொருளின் பெயரிலிருந்து இணைய முகவரித் துண்டை உருவாக்கும்போது ரெயில்ஸ் ஆங்கில எழுத்தல்லாததை எல்லாம் உதறிவிடும், நெத்திலி என்று போட்டால் மிஞ்சுவது வெற்றிடம். முகவரித் துண்டைக் கையால் எழுதும் கட்டாயப் புலமாக வைத்தோம். இரண்டாவது தேடல். ‘தொ’ போன்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடலில் ஒன்றுக்கொன்று சேராது. சேமிக்கும்போதும் தேடும்போதும், இரண்டையும் ஒரே குறியாக்கிவிடும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. அதோடு மாற்றுப் பெயர்களுக்கு ஒரு புலம்: இங்கே சூடை என்பதைத் தேடி வருபவர் சாளை என்றோ மத்தி என்றோதான் அடிப்பார். மூன்றும் அச்சு அசல் ஒரே மீனா என்று மீன்காரர்களிடம் கேட்டால் பெரிய சண்டை வரும், தேடலுக்கு இது போதும்.

கடையின் நிர்வாகப் பக்கத்தைக் குழுவில் யாருக்கும் கொடுக்கவில்லை. விலை மாற்றம், பொட்டலப் பதிவு, இன்று அனுப்ப வேண்டியவை, இந்த மூன்றும் பழைய செயலியிலேயே தமிழில் இருக்கின்றன. ஆர்டர் முடிந்ததும் எஞ்சின் ஒரு நிகழ்வை அறிவிக்கும், பழைய செயலி அதைக் கேட்டுத் தன் வரவுப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். எஞ்சினின் வகுப்புகளைத் திறந்து உள்ளே நுழைத்த மாற்றங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும், ஒவ்வொன்றுக்கும் சோதனை இருக்கிறது. பதிப்பு உயர்த்தும்போது உடைவது அவைதான், வேறெதுவும் இல்லை.

மொத்த வியாபாரிகளுக்கான விலையைக் கடைக்குள் கொண்டுவரவில்லை. சாலிடஸில் அதற்கு வழி இருக்கிறது, கேட்கவும் செய்தார்கள். ஆனால் அவர்கள் கிலோ கணக்கில், போனில், விலை பேசி, பாதிப் பணம் பிறகு தருகிறேன் என்று வாங்குபவர்கள். அந்தக் கணக்கு எடைப் பதிவேட்டிலேயே இருந்து வருகிறது, இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும் என்று குழுவும் சொல்லிவிட்டது.